சிசிலியச் சுத்தப் போற சூரப்புலி

தோ பார்றா பேராண்டி, கோவிச்சுக்காத. மேசை மேல நீ வெச்சுட்டுப் போன அந்த எக்செல் சீட்டை நான் படிச்சுட்டேன். திருட்டுத்தனமா இல்ல. மூக்குக்கண்ணாடி மாட்டிக்கினு, திண்ணையில உக்காந்து, தெருவே பாக்கத்தான் படிச்சேன். பச்சைக் கட்டம், மஞ்சக் கட்டம், செவப்புக் கட்டம்னு கண்ணப் பறிச்சுது. உங்க கம்பெனி ஸ்டாக்குக் கணக்காக்கும்னு மொதல்ல ஒதுக்கி வெச்சேன். அப்பறம் பாத்தா தலைப்புல ‘சிசிலி, முழுத் தீவு, ஏழு நாள்’னு கொட்டை எழுத்து.

ரொம்ப சந்தோஷம்டா. நம்ம வம்சத்துல மத்தியத்தரைக் கடலப் பாக்கப் போற மொத ஆளு நீதான். நான் பாத்த கடலு மகாபலிபுரத்தோட சரி. வடக்குப்பட்டுக் கெழவனுக்கு சிசிலியப் பத்தி இன்னா தெரியும்னு கேப்ப, கேளு. கயனி கைய விட்டுப் போன நாள்லேந்து எனக்கு வேற வேலை இன்னா இருக்குது? உழ நெலம் இல்ல, ஓட்ட மாடு இல்ல. உங்க அப்பன் வாங்கிக் குடுத்த ஃபோனு இருக்குது. மாசாமாசம் டேட்டா தீர்றதுக்குள்ள ஒலகத்த ரெண்டு சுத்து சுத்திட்டு வந்துடறேன், வேட்டி கசங்காம.

மொதல்ல உன் சீட்டுல எனக்குப் புடிச்ச எடத்தச் சொல்லிடறேன். நாலாம் நாளு. ‘9.00–10.15 அக்ரிஜென்டோ கோயில். 10.15–10.25 பாத்ரூம். 10.25–1.45 கார். 1.45–2.10 சாப்பாடு. 2.10–3.40 சிராகூசா.’ அந்த பாத்ரூம் பத்து நிமிஷம் இருக்குது பாரு, அங்கதான் நீ ஒரகடம் கார் கம்பெனிக்காரன்னு காட்டிட்ட. லைன்ல ரிலீவர் வந்து நின்னாத்தான் ஒதுங்க முடியும்ன்ற பழக்கம், லீவு போட்டாலும் உன்ன வுடல. அங்க ரிலீவருக்கு எவன்டா வருவான், ஆர்க்கிமிடீசா?

தீவுன்னதும் ராமேஸ்வரம் அளவுக்கு நெனைச்சுக்கினியோ இன்னாவோ. சிசிலி இருபத்தஞ்சாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல. மத்தியத்தரைக் கடல்லயே பெரிய தீவு அதுதான். நம்ம தமிழ்நாட்டுல அஞ்சுல ஒரு பங்குன்னு வெச்சுக்க. ஓரமாவே ஓட்டிக்கினு ஒரு சுத்து வந்தா ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒண்ணு ரெண்டு கொறையும். சென்னையில கெளம்பி கன்னியாகுமரி தொட்டுட்டு மறுபடி மதுரை வரைக்கும் வர்ற தூரம். அதுவும் நாலு வழிச் சாலைன்னு நெனைக்காத. தெக்குப் பக்கம் பாதி எடத்துல மலைய வளைச்சு வளைச்சுப் போற ரோடு. நூறு கிலோமீட்டரு ஒண்ணேகால் மணி நேரம்னு கணக்குப் போட்டிருக்க. வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டுல கண்டெய்னர் லாரிக்குப் பின்னால மாட்டிக்கினு கம்பெனி பஸ்ல தூங்கி வழியற நீ, அந்தக் கணக்க எப்பிடிப் போட்டன்னுதான் எனக்கு வெளங்கல.

வருஷம் பூரா காரு செய்யற வேலை உனக்கு. கதவு மாட்டறதும் சீட்டு முடுக்கறதும் உன் பொழப்பு. லீவு கெடைச்சா மனுஷன் காரு இல்லாத எடமாப் பாத்து ஓடுவான். நீ சம்பளத்தச் சேத்து வெச்சு, ஏழாயிரம் கிலோமீட்டர் பறந்து போயி, அங்க ஒரு காரு வாடகைக்கு எடுத்து, அதுக்குள்ளயே ஒரு வாரம் உக்காரப் போற. இதுல வேடிக்கை ஒண்ணு இருக்குது. 2010லேந்து கொஞ்ச வருஷம் நம்ம ஒரகடத்துல செஞ்ச நிசான் மைக்ராவ எண்ணூர் துறைமுகம் வழியா ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலா அனுப்பினாங்க. சிசிலியில எவனாவது பழைய மைக்ராவ உன் கையில குடுத்தான்னு வெச்சுக்க, கதவத் தொறந்து மூடிப் பாரு, நம்மூரு சத்தமா இருந்தாலும் இருக்கும்.

ஸ்டியரிங் இடப்பக்கம், ஓட்டறது வலப்பக்கம், கியரு வலது கையில. ஏத்துமதி வண்டிய லைன்லேந்து யார்டு வரைக்கும் ஓட்டின தெம்புல பேசாத. யார்டுல எதுக்க வர்றவன் ஹெல்மெட் போட்ட உன் சிநேகிதன். பலெர்மோவுல வர்றவன் நாலு தலைமுறையா அந்தச் சந்துல ஸ்கூட்டர் ஓட்டறவன். போறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீசுல ஆயிரம் ரூபா கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்க, ஒரு வருஷம் செல்லும். உன் பேருல கிரெடிட் கார்டு வேணும். டெபிட் கார்ட நீட்டினா பல எடத்துல வண்டிச் சாவிய நீட்ட மாட்டான்.

இன்னொண்ணு. இத்தாலியில பழைய ஊருக்குள்ள வெளிவண்டி வரக்கூடாதுன்னு எல்லை வெச்சிருக்கான். வாசல்ல போலீசு நிக்காது, கயிறு கட்டியிருக்காது. கம்பத்து மேல கேமரா மட்டும் உக்காந்திருக்கும். நீ பாட்டுக்கு கூகுள் சொல்லுச்சுன்னு உள்ள பூருவ. மூணு தடவ உள்ள வந்தா மூணு அபராதம். வண்டிக் கம்பெனி உன் வெலாசத்த எடுத்துக் குடுத்ததுக்குத் தனிக் கூலி புடிச்சுக்குவான். வெளிநாட்டுக்காரனுக்கு நோட்டீஸ் அனுப்ப அவனுக்கு 360 நாளு தவணை இருக்குது. அடுத்த வருஷம் ஆடிக் கூழ் ஊத்தறப்போ நம்ம தபால்காரரு வந்து, ‘இத்தாலியிலேந்து கடுதாசி’ம்பாரு. உங்க ஆயா எவளோ வெள்ளைக்காரி எழுதியிருக்கான்னு ஊரக் கூட்டிடுவா. அந்த வம்பு நமக்கு எதுக்கு?

சரி, எந்த மாசம்னு பாத்தா ஆகஸ்டு. பதினஞ்சாந் தேதி சுதந்திர தினம், முன்னப்பின்ன சனி ஞாயிறு, ரெண்டு லீவு மிச்சம். நல்ல மூளைடா. அதே மூளை இத்தாலிக்காரனுக்கும் இருக்குது. அன்னிக்கு அவனுக்கும் பண்டிகை. ஃபெர்ரகோஸ்தோன்னு பேரு. அகஸ்டஸ் சீசர் காலத்துலேந்து வர்றது, இப்போ மாதா விண்ணேற்பு நாளும் அதுவேதான். நாடே கடையச் சாத்திட்டுக் கடக்கரையில கெடக்கும். விடுதி வாடகை ஏறி நிக்கும், பாய் விரிக்க மணல்ல எடம் இருக்காது.

வெயிலு வேற. சிராகூசா பக்கத்துல ஃப்ளோரிடியான்னு ஒரு எடம். 2021 ஆகஸ்டு 11ஆம் தேதி அங்க 48.8 டிகிரி அடிச்சுது. ஐரோப்பாக் கண்டத்துலயே அதுக்கு மேல எங்கயும் பதிவானதில்லன்னு உலக வானிலை அமைப்பு உறுதி பண்ணிடுச்சு. நம்ம அக்னி நட்சத்திரத்துக்குத் தப்பிச்சு, அவங்க அக்னி நட்சத்திரத்துக்கு டிக்கெட் எடுத்திருக்க. ஏப்ரல் கடைசி, மே, இல்லன்னா செப்டம்பர் முடிஞ்சு அக்டோபர். சூப்பர்வைசரக் கேட்டுப் பாரு. கொழந்தை பொறக்கறதுக்கு லீவு தர்றவன், ஊரு சுத்தறதுக்குத் தர மாட்டானா? தரலன்னா என் தலையில ஏதாவது போட்டு லீவு எழுது. ஆனா சாகடிச்சிடாத, போன தடவ பொங்கல் ஓவர்டைமுக்கே என்ன ஒருவாட்டி சாகடிச்சாச்சு.

விசா சமாச்சாரம் கேட்டியா? ஷெங்கன் விசா. தலைக்கு 90 யூரோ. குடுத்தாலும் குடுக்காட்டியும் பணம் திரும்பாது. பயணத்துக்கு ஆறு மாசத்துக்கு முன்னாடியே போடலாம், கடைசி நிமிஷம்னா பதினஞ்சு நாளு முன்னாடி. முப்பதாயிரம் யூரோவுக்குக் கொறையாம மருத்துவக் காப்பீடு, பேங்கு கணக்கு, சம்பளச் சீட்டு, கம்பெனிக் கடுதாசி, பத்து வெரல் ரேகை, எல்லாம் குடுக்கணும். எந்த ராத்திரி எங்க தங்கறன்னும் காட்டணும். நீ பலெர்மோ, த்ராப்பானி, அக்ரிஜென்டோ, சிராகூசா, தவோர்மினா, செஃபாலுன்னு ராத்திரிக்கு ஒரு ஊரு எழுதியிருக்க. விசா ஆபீசரு உன்ன சுற்றுலாக்காரன்னு நம்புவானா, கடன் குடுத்தவனுக்குப் பயந்து ஓடறவன்னு நெனைப்பானா?

ஊருக்கு ஊரு பொட்டியக் கட்டி அவுத்து, மாடி ஏத்தி எறக்கறதுலயே தெனம் ரெண்டு மணி நேரம் போயிடும். பழைய வூடுங்கள்ல லிஃப்டும் கெடையாது. கூட வர்ற உன் பொஞ்சாதிய ஒரு வார்த்தை கேட்டியா? அவ துணியும் உன் துணியும் ஒரே பொட்டியில. பொட்டியக் கட்டப் போறது எவ கையின்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எத்னா மலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்க பாரு, அத்தப் படிச்சப்போ வெத்தலை பொரையேறிடுச்சு. ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர் வரைக்கும் வண்டி போவும். அங்கேந்து கம்பி வண்டியில ரெண்டாயிரத்து ஐநூறு. அதுக்கு மேல வாய்கிட்ட போவணும்னா வழிகாட்டி இல்லாம வுட மாட்டான். ஏன் வுட மாட்டான்னா, அது செத்த மலை இல்ல. 2025 ஜூன் 2ஆம் தேதி பகல்ல திடீர்னு பொகையும் சாம்பலுமா கக்கி, வேடிக்கை பாக்கப் போனவங்கள்லாம் மலையெறங்கி ஓடினத ஒலகமே டீவியில பாத்துது. நீ ‘4.00–5.00 எத்னா’ன்னு போட்டிருக்க. அதுக்கு உன் சீட்டு அனுப்பி வெச்சியா, நாலு மணிக்குத் தயாரா இருன்னு?

இப்போ முக்கியமான எடத்துக்கு வர்றேன். தீவச் சுத்தறேன், தீவச் சுத்தறேன்னு ஓரமாவே ஓடற. நடுவுல இருக்கறத அப்பிடியே வுட்டுட்ட. பியாட்ஸா ஆர்மெரினான்னு தீவோட வயித்துப் பக்கம் ஒரு ஊரு. அதுக்குக் கிட்ட ரோமானியப் பெருந்தனக்காரன் ஒருத்தன் கட்டின மாளிகை. நாலாம் நூற்றாண்டு. மேல கூரை போச்சு, சுவரு பாதி போச்சு, தரை அப்பிடியே இருக்குது. அந்தத் தரையப் பாக்கத்தான் ஒலகமே போவுது. கலர் கலராச் சின்னச் சின்னக் கல்லப் பதிச்சு மூவாயிரத்து ஐநூறு சதுர மீட்டருக்குப் படம் போட்டு வெச்சிருக்கான். அதுல ஒரு நடை, அறுபது மீட்டருக்கு மேல நீளம், முழுக்க வேட்டைக் காட்சி. சிங்கம், காண்டாமிருகம், மானு, நெருப்புக்கோழின்னு உசிரோட புடிச்சு, கயித்தால கட்டி, கப்பல்ல ஏத்தறாங்க, ரோமாபுரி விளையாட்டரங்கத்துக்கு.

அந்த நடையோட ஒரு கடைசியில ஒரு பொம்பள உக்காந்திருக்கா. கையில யானைத் தந்தம். ஒரு பக்கம் யானை, ஒரு பக்கம் புலி. அவ யாருன்னு படிச்சவங்க அடிச்சுக்கறாங்க. ஆப்பிரிக்கான்றான் ஒருத்தன், இந்தியான்றான் ஒருத்தன். ஆப்பிரிக்காவுல புலி ஏதுடா? எனக்குத் தெரிஞ்சவரைக்கும் அது நம்ம பொண்ணு. ஆயிரத்து எழுநூறு வருஷமா ஒருத்தி அங்க உக்காந்து, நம்மூர்லேந்து எவனாவது வருவானான்னு பாத்துக்கினு இருக்கா. நீ கடலோரமா எண்பது கிலோமீட்டர் வேகத்துல தாண்டிப் போற, அடுத்த ஊர்ல பாத்ரூமுக்கு நேரமாச்சுன்னு.

நம்மூரு பேச்சு வந்ததால சொல்றேன். மத்தியத்தரைக் கடலு உனக்கு இப்போதான் தெரியுது. வடக்குப்பட்டுக்கு அத்த ரெண்டாயிரம் வருஷமாத் தெரியும். 2022ல இந்தியத் தொல்லியல் துறைக்காரங்க வந்து நம்ம மேட்டத் தோண்டினப்போ நீ நைட் ஷிஃப்ட்டு முடிச்சுத் தூங்கிக்கினு இருந்த. நான் கூலிக்குப் போனேன். நூல் கட்டிச் சதுரம் சதுரமாக் குழி. மம்முட்டியால வெட்டக் கூடாது, சின்னக் கரண்டியால சுரண்டணும். அள்ளின மண்ணச் சலிக்கறது என் வேலை. கீழ போவப் போவ மொதல்ல பல்லவர் காலம், அப்பறம் சங்க காலத்துப் பானை ஓடு, கண்ணாடி மணி, துளியூண்டு தங்கம், அதுக்கும் கீழ கல்லாயுதம். பன்னண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினதுன்னாங்க. அதுவும் சும்மா ஒண்ணு ரெண்டு இல்ல, உக்காந்து செதுக்கின பட்டறையே இதுதான்னாங்க. ஒரகடத்துல தொழிற்பேட்டை வந்து இருபது வருஷம்னு பீத்திக்கிறீங்களே, இங்க உற்பத்தி ஆரம்பிச்சது எப்போன்னு பாத்துக்க. அந்தப் பட்டறைக்காரனுக்கு கேன்டீன் கூட கெடையாது.

ஒரு நாளு என் சல்லடையில தடியா ஒரு ஓடு நின்னுது. நம்ம பானை ஓடு இவ்ளோ கனமா இருக்காது. தூக்கி எறியப் போனேன். படிக்கிற புள்ள ஒண்ணு ஓடி வந்து வாங்கி, பிளாஸ்டிக் டப்புல போட்டுப் பல்லு வெளக்கற பிரஷ்ஷால தேய்ச்சுது. அப்பறம் அதோட நோட்டுல படம் போட்டுக் காட்டுச்சு. நீட்டுக் கழுத்து, ரெண்டு பக்கமும் காது, அடி கூரா இருக்குது. ‘இது தரையில நிக்காதேம்மா’ன்னேன். ‘நிக்க வேணாம் தாத்தா, கப்பலு அடித்தட்டுல சாச்சு அடுக்கறதுக்குச் செஞ்சது. ரோமானியக் கப்பல்ல ஒயின் வந்த ஜாடி. ஆம்போரான்னு பேரு’ன்னுச்சு. அன்னிக்கி ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் வரல. ஜாடி வந்தது சரி, உள்ள இருந்தத நம்ம ஊர்ல எவன் குடிச்சான்? உங்க ஆயா சொல்றா, உங்க வம்சந்தான்னு.

இது ஒண்ணும் நம்மூர்ல மட்டும் இல்ல. பாலாறு கடல்ல சேர்ற எடத்துல வசவசமுத்திரத்துல கெடைச்சுது. பாண்டிச்சேரிகிட்ட அரிக்கமேட்ட வீலர்னு ஒரு வெள்ளைக்காரரு 1945ல தோண்டினப்போ ஓடு ஓடா வந்துது. அத்தப் பொறுக்கி ஆராய்ஞ்சவங்க, அதுல முக்காவாசி ஒயின் ஜாடி, அதுலயும் கோஸ்ன்ற தீவு வகை ஜாடிதான் நெறையன்னு கண்டுபுடிச்சாங்க. கோஸ் எங்க இருக்குது? நீ போற அதே கடல்லதான், கிரேக்கர் பக்கம். அந்தத் தீவு ஒயினுக்கு ஒரு விசேஷம். கடல்தண்ணியக் கலந்துதான் செய்வாங்களாம். அத்தக் காசு குடுத்து வாங்கிக் குடிச்சிருக்கான் நம்மாளு. இப்போ கடையில அரை டம்ளர் தண்ணி கலந்துட்டான்னு மேனேஜர் சட்டையப் புடிக்கிறீங்க.

அந்த ஜாடி எப்பிடி வந்துது? எகிப்துப் பக்கம் ஆடி மாசம் கப்பலு கெளம்பும். செங்கடலத் தாண்டினா தென்மேற்குக் காத்து பின்னாலேந்து தள்ளும். அரபிக் கரையோரம் ஓசெலிஸ்ன்ற துறையிலேந்து சேர நாட்டு முசிறிக்கு நாப்பது நாளுன்னு பிளினின்னு ஒரு ரோமானியன் எழுதி வெச்சிருக்கான். திரும்பணும்னா மார்கழி வாக்குல காத்து மாறணும். அதுவரைக்கும் இங்கதான் உக்காந்திருக்கணும், யாராலயும் ஒண்ணியும் பண்ண முடியாது. போக வர ஒரு வருஷம் ஓடிடும். நீ அதே தூரத்தத் தூங்கி எழுந்திரிக்கறதுக்குள்ள கடந்துட்டு, எறங்கினதும் ‘அஞ்சு நிமிஷம் லேட்டு’ன்னு பொலம்பப் போற.

உனக்குப் பதில் பேச வரும்னு தெரியும். ‘நீ மட்டும் இன்னா தாத்தா, அந்த மேட்டு மேல நாப்பது வருஷம் மாடு மேய்ச்ச, கீழ இன்னா இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சுதா?’ன்னு கேப்ப. கேளு, பதில் உன் சிராகூசாவுலயே இருக்குது. ஆர்க்கிமிடீஸ் அந்த ஊருக்காரன்தான். ரோமானியப் படை ஊரப் புடிச்சப்போ கி.மு. 212ல ஒரு சிப்பாயி அவன வெட்டிப் போட்டான். நூறு நூத்தைம்பது வருஷம் கழிச்சு, கி.மு. 75ல, சிசரோன்னு ஒரு ரோமானியன் சிசிலிக்குக் கணக்கு அதிகாரியா வந்தான். ஆர்க்கிமிடீஸ் சமாதி எங்கன்னு ஊருக்காரனக் கேட்டான். அப்பிடி ஒண்ணு இங்க கெடையவே கெடையாதுன்னுட்டாங்க. சிசரோ வுடல. ஊரு வாசப்பக்கம் முள்ளுப் பொதருக்குள்ள எட்டிப் பாத்தான். ஒரு சின்னத் தூணு, அது மேல ஒரு உருளையும் ஒரு கோளமும் செதுக்கியிருக்குது. ஆள வெச்சு முள்ள வெட்டி வழி பண்ணினான். பாத்துக்க. அவ்ளோ பெரிய கணக்குப் புலி சமாதியவே சொந்த ஊருக்காரன் மறந்துட்டான். வடக்குப்பட்டுக்காரன் ஒயின் ஜாடிய மறந்ததுல இன்னா தப்பு? மாடு எதுவும் சொல்லல, நானும் கேக்கல.

அந்த அக்ரிஜென்டோ கோயிலயும் ஒண்ணேகால் மணி நேரத்துல முடிச்சிடலாம்னு பாக்காத. அங்க வரிசையா நிக்கற கிரேக்கக் கோயில்ல கொன்கோர்தியான்றது மட்டும் கிட்டத்தட்ட முழுசா நிக்குது, கி.மு. அஞ்சாம் நூற்றாண்டு. மத்ததெல்லாம் இடிஞ்சப்போ இது ஏன் நிக்குதுன்னா, ஆறாம் நூற்றாண்டு கடைசியில அத்த சர்ச்சா மாத்திட்டாங்க. சாமி மாறினாலும் வெளக்கெரியற எடத்துல எவனும் கல்லப் பேர்க்க மாட்டான். சாயங்காலம் வெயிலு எறங்கறப்போ போனா அந்தக் கல்லு தேன் நெறத்துல இருக்கும்ன்றாங்க. ஒன்பது மணி வெயில்ல போயி வெள்ளைக் கல்லப் பாத்துட்டு வராத. மாசத்து மொத ஞாயித்துக்கெழம அரசாங்கத்து எடங்கள்ல டிக்கெட் கெடையாது, அத்தயும் பாத்து வெச்சுக்க. காஞ்சிபுரத்துல கைலாசநாதர் கோயிலப் பாத்தியான்னு கேக்க வந்தேன், வேணாம், பொழச்சுப் போ.

சாப்பாட்டுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் போட்டிருக்க. அங்க மத்தியானம் ஒரு மணிக்கு மேல மத்த கடையெல்லாம் சாத்திட்டு, ஆற அமரச் சாப்ட்டு, நாலு மணி வரைக்கும் தூங்கப் போயிடுவான். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு முன்னாடி பெரும்பாலும் போட மாட்டான். காப்பிய நின்னுக்கினு குடிச்சா ஒரு வெலை, உக்காந்து குடிச்சா ஒரு வெலை. காலையில பன்னுக்கு ஐஸத் தொட்டுத் திங்கிறான். கிரனீத்தாவாம். பலெர்மோ தெருவுல கடலைமாவக் கிண்டி, வில்லை போட்டு, எண்ணெயில பொரிச்சு ரொட்டிக்குள்ள வெச்சுத் தர்றான். பனெல்லேன்னு கேளு. உனக்குத் தோதுப்படும். உருண்டையா சோத்தப் புடிச்சுப் பொரிச்சதக் கண்டா மட்டும் உள்ள இன்னா கறின்னு கேட்டுட்டு வாய வெய்யி.

கட்டிக்கினு போறதுலயும் கணக்கு இருக்குது. ஐரோப்பாவுக்குள்ள கறி, பாலு, நெய்யி ஒண்ணும் வராது, புடுங்கிப் போட்டுடுவான். உங்க ஆயா ஒரு பாட்டில் நெய்யி உருக்கி வெச்சிருக்கா, அத்த நானே காலி பண்ணிடறேன், கவலப்படாத. கறிவேப்பிலைக் கொத்துக்கும் மாங்காய்க்கும் சான்றிதழ் கேப்பான். ஆனா வாழப்பழத்துக்கும் தேங்காய்க்கும் கேக்க மாட்டான், நம்ம பிள்ளையார் செஞ்ச புண்ணியம். மீனும் வுடுவான். ஆளுக்கு இருபது கிலோ வரைக்கும் கருவாடு தாராளமா எடுத்துக்கினு போவலாம். பக்கத்து சீட்டுக்காரன் இன்னா சொல்லுவான்னு சட்டத்துல எழுதல.

சரி, கெழவன் கொறை மட்டும் சொன்னான்னு பேரு வேணாம். நான் ஒரு வழி சொல்றேன். ரோம்ல எறங்கு. ராத்திரி சிராகூசாவுக்கு ஒரு ரயிலு கெளம்புது, படுத்துக்கினு போவலாம், விடுதிக் காசு ஒரு நாளு மிச்சம். அது மெசினா ஜலசந்திகிட்ட வந்ததும் பொட்டி பொட்டியாக் கழட்டிக் கப்பலுக்குள்ள ஓட்டிடுவான். நீ படுக்கையிலேந்து எழுந்திரிக்காமலே கடலத் தாண்டலாம். உன் பொஞ்சாதி மண்டபத்துப் பொண்ணுடா. அவ ஆச்சி 1964 புயலுக்கு முன்னால தனுஷ்கோடியில ரயில வுட்டெறங்கிக் கப்பலேறி தலைமன்னாருக்குப் போயி வந்த கதையக் கேட்டு வளந்தவ. அங்க ஆளு எறங்கி ஏறணும், இங்க ரயிலே ஏறுது. அத்த அவ பாக்க வேணாமா?

சிராகூசாவுல ஒர்த்தீஜான்னு பழைய ஊரு. அது தனியா ஒரு குட்டித் தீவு, பாலம் போட்டு ஒட்ட வெச்சிருக்கான். ஒரு சதுர கிலோமீட்டர்தான். அங்க நாலு ராத்திரி தங்கு. காரு வேணாம், கேமரா கம்பமும் வேணாம். முழுத் தீவச் சுத்தணும்ன்ற உன் வெறி தீரணும்னா, சாயங்காலம் செருப்ப மாட்டிக்கினு அந்தத் தீவச் சுத்து. ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். ‘தீவு முழுக்க சுத்தியாச்சு’ன்னு ஸ்டேட்டஸ் போடு, எந்தத் தீவுன்னு எவன் கேக்கப் போறான். எத்னாவுக்குப் போவணும்னா கத்தானியாவுக்கு ரயில்ல ஒண்ணேகால் மணி நேரம், ஒரு நாள் முழுசா அதுக்கு வுடு. அப்பறம் ரெண்டு நாளுக்கு மட்டும் காரு எடுத்து, நடுவால போயி அந்தத் தந்தக்காரியப் பாத்துட்டு, அக்ரிஜென்டோவுல சாயங்கால வெயில்ல ஒக்காந்துட்டு வா. பலெர்மோ, தவோர்மினா, த்ராப்பானி எல்லாம் அங்கயேதான் இருக்கும். புள்ளகுட்டி பொறந்து அதுங்களோட இன்னொரு தடவ போ.

இன்னா முழிக்கிற? கெழவனுக்கு இவ்ளோ வெவரம் எப்பிடின்னா? ஒயின் ஜாடி என்னுது, சிசரோ என்னுது. ரயிலு, விடுதி, நாலு ராத்திரி, கறிவேப்பிலைச் சட்டம், அதெல்லாம் என்னுது இல்ல. முந்தாநேத்து நீ பி ஷிஃப்ட்டு போனப்பறம் அந்தப் பொண்ணு வந்து எதுக்க உக்காந்து, கும்பகோணம் வெத்தலை ஒரு கவுளி, வறுத்த சீவல் ஒரு பொட்டலம் வெச்சுட்டு, ‘தாத்தா, நான் சொன்னா சண்டை வரும், நீங்க சொன்னா சிரிச்சுக்கிட்டே கேப்பாரு’ன்னுச்சு. வெத்தலை நல்ல கொழுந்து. அக்டோபருக்கு ரூம் போட்டாச்சு, ரயில் டிக்கெட்டும் எடுத்தாச்சு. உன் லீவு லெட்டரையும் அதுவே டைப் பண்ணி வெச்சிருக்குது, கையெழுத்து மட்டும் பாக்கி. ரூம ரத்து பண்ண இன்னும் ரெண்டு நாளு தவணை இருக்குதாம். போயி அதுகிட்டயே கேட்டுப் பாரு. இந்த எக்செல் சீட்டையும் கையோட எடுத்துக்கினு போ, சமையக்கட்டுல அடுப்பு எரியுது.